ஹொல்ம்லியாவில் ரோமாபுரிப் படை

நோர்வேயில், ஹொல்ம்லியா ஸ்டேஷனில் ஒஸ்லோ ரயிலுக்குக் காத்திருக்கிறோம். தங்கையின் மகள் சோதனைக்குப் படிக்கிறாள். மடியில் கிரேக்கர், ரோமர் படைகளின் படம்.

"ஆருக்கு, பிள்ளை, பலம் கூட?" என்று கேட்கிறேன்.

"கிரேக்கர் ஈட்டியை நீட்டிக்கொண்டு நிண்டால் ஒருத்தரும் கிட்டப் போகேலாது, மாமா. ஆனா ரோமர் ஒரு படை அழிஞ்சால் அடுத்ததைச் சேர்ப்பினம். அவையின்ரை றோட்டும் சட்டமும் இண்டைக்கும் இருக்கு."

"அடுத்த படைக்கு ஆக்கள்?"

"வீடுகளிலை இருந்துதான். பின்னை வானத்திலை இருந்தே?" என்று சிரிக்கிறாள்.

ஊரில், வன்னியில், இப்போது இயக்கத்தார் வீட்டுக்கு ஒருவரைப் போருக்குக் கேட்கிறார்கள். பதினேழு வயது மகளை அங்கே விட்டுவிட்டுத் தங்கையைப் பார்க்க வந்திருக்கிறேன்.

"கிரேக்கரும் அப்பிடியோ?"

"எல்லாரும் அப்பிடித்தான், மாமா."

ரயில் வருகிறது. முருகா, நான் ஊருக்குப் போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டு வாசல் படலையை ஆள் கேட்டு ஒருவரும் திறக்கக் கூடாது.