கை வைக்காமல் ஒரு மாதம்

எங்கள் பட்டறை வரிசையில் எந்தக் கதவாவது கிறீச்சிட்டால் மறுநாள் அந்தச் சத்தம் இருக்காது. எண்ணெய் விட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. பாக்கியலட்சுமியைத் தவிர வேறு யாருக்கு அந்த வேலை? பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடிக்கும் எனக்கு அவளால் உபகாரமும் உண்டு, தலைவலியும் உண்டு. ஒருமுறை என்னைக் கேட்காமலே என் ஷட்டரைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனாள். நன்றாகத்தான் மாட்டியிருந்தாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் கிராமமான கோபிநத்தத்துக்காரி. அப்பாவோடு கட்டட வேலைக்கு மைசூர் வந்து, நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வெல்டிங் பழகி, நஞ்சன்கூடு ரோட்டில் சொந்த ஷெட் போட்டவள். ஜன்னல் கிரில், கேட் என்று அடித்து அடித்து அலுத்துப்போய், முருங்கைக் கீரை உலர்த்த ஒரு மெஷின் செய்தாள். பார்க்க பீரோ மாதிரி இருக்கும். காலையில் கீரையைத் தட்டுகளில் பரப்பி உள்ளே தள்ளினால், சாயங்காலம் பச்சை மாறாமல் மொறுமொறுவென்று வரும். மற்ற மெஷின்களை விடக் கரண்ட் பாதிதான் ஆகும் என்பாள்.

அவள் சொன்னால் போதுமா? புதிதாக ஏதாவது செய்கிற சின்னத் தொழிற்கூடங்களுக்கு அரசாங்கம் உதவும் திட்டம் ஒன்று வந்திருந்தது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மெஷினைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. தேறினால் மகளிர் குழுக்கள் மானியத்தில் வாங்கலாம். தேறாவிட்டால் மறுபடியும் கிரில்தான். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் அக்ஷதா வந்தாள். ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர், தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வரும். சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகளை மெஷினுக்குள் பொருத்தி, ஒரு மாதம் தினமும் இதே மாதிரி ஓட்டுங்கள், ஒன்றையும் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாக்கியமும் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை நம்பியது அந்தப் பெண்ணின் அனுபவக் குறைவு.

மூன்றாவது வாரம் வந்து லேப்டாப்பைத் திறந்ததும் அக்ஷதாவின் முகம் மாறிவிட்டது.

"ஆன்டி, ரீடிங் சடன்னா மாறியிருக்கே. ஏனாயித்து, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. மேல காத்துத் தகடு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. நவுத்தி வெச்சேன். இப்ப முன்னைக்கு நல்லாத்தானே காயுது?"

"நல்லா காயுது ஆன்டி. ஆனா போன வாரம் இருந்த மெஷின் வேற, இந்த வாரம் இருக்கிற மெஷின் வேற. நான் எதை அளக்கறது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மார்ச்சோடு திட்டத்தின் கணக்கு முடிகிறது, இன்னொரு தடவைக்கு நேரமில்லை என்று அக்ஷதா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். போகும்போது மெஷின் கதவில் ‘முட்டபேடி’ என்று கன்னடத்தில் எழுதி ஒட்டினாள். தொடாதீர்கள் என்று பொருள். கீரையை ஏற்றி இறக்கும் வேலை, ஷெட்டில் எடுபிடிக்கு இருந்த சித்தம்மாவிடம் போனது. பாக்கியம் பக்கத்திலேயே போகக்கூடாது என்று முடிவானது.

அந்த மாதம் அவள் பட்ட பாடு இருக்கிறதே! கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். போல்ட் வாங்குவதாகச் சொல்லி மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனாள், வாங்காமலே திரும்பி வந்தாள். என் கம்ப்ரசரைச் சுற்றிச் சுற்றி வந்தவளை அதட்டித் துரத்தினேன். வீட்டில் புருஷன் கருப்புசாமியின் டெம்போவில் ஒரு நட்டைக்கூட விட்டுவைக்கவில்லையாம். அவர் எனக்கு போன் போட்டு அழாத குறை.

இதற்கு நடுவில்தான் வினை வந்தது. சித்தம்மா இறக்கிய தட்டுகளில் பின்வரிசைக் கீரை மட்டும் கறுத்திருந்தது. பாக்கியம் என்னிடம் ஓடி வந்தாள்.

"பின்னாடி காத்து எட்டலீங்ண்ணா. குறுக்கால ஒரு தகடு வெச்சாப் போதும், சட்டுனு தீந்துரும்."

"வைக்காதே. மறுபடி எல்லாம் பாழாகும்."

"வெக்கலீன்னா கறுக்குதுன்னு எழுதிருவாங்களே. அப்பறம் எவன் வாங்குவான்?"

தினமும் இதே பேச்சு. என் வேலையும் ஓடவில்லை. ஒரு நாள் பொறுமை போய், "போய்த் தொட்டுத் தொலை! எனக்கென்ன?" என்று கத்திவிட்டேன். விறுவிறுவென்று போனாள். நான் எட்டிப் பார்த்தேன். மெஷினுக்கு எதிரே நின்றிருந்தாள், இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு. கீரை கறுக்கும் வாசனை ஷெட் முழுக்க இருந்தது. அவள் தொடவில்லை. கத்தியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முடிவு சொல்லும் கூட்டம் பல்கலைக்கழகத்தில். என் ஸ்கூட்டரில் அவளை அழைத்துப் போனேன். தேர்வுக் குழுவின் தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கன்னடத்தில் கேட்டார், பின்வரிசை கறுப்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்று. முதல் வாரமே தெரியும் என்றாள். பிறகு ஏன் சரிசெய்யவில்லை என்றார். அவ்வளவுதான், கன்னடம் எங்கே போனதோ, தமிழில் வெடித்தாள்.

"தொடாதேன்னு சொல்லிப்போட்டு, ஏன் தொடலீன்னு கேட்டா எப்புடிங் சார்?"

அக்ஷதா பயந்துகொண்டே மொழிபெயர்த்தாள். தலைவர் அறிக்கையை மூடி வைத்தார். காலையிலிருந்து பார்த்த அறிக்கைகளில் எதிலும் ஒரு குறைகூட இல்லை, அதனால் எதையும் நம்ப முடியவில்லை, இதை நம்புகிறேன் என்றார். கரண்ட் பாதிதான் ஆகிறது என்பதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது, ஆகவே அதையும் நம்புகிறேன் என்றார். தேறிவிட்டாள்.

வெளியே காபி கொடுத்தார்கள். அக்ஷதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடுத்த டெஸ்ட் ஆறு மாசம் ஆன்டி. ஒரு மகளிர் குழுவுல வெச்சு ஓட்டணும்."

"ஆறு மாசமா? தொடாமயா?"

"தொடாம."

பாக்கியத்தின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அந்தப் பின்வரிசை?"

"திங்கட்கிழமைதான் ஆரம்பம் ஆன்டி. அதுக்குள்ள நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம்."

அன்று வெள்ளிக்கிழமை. நான் காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம். மேஜைமேல் வைத்திருந்த என் வண்டிச் சாவியையும் காணோம்.

நஞ்சன்கூடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். ஷெட்டுக்குள் தகடு வெட்டும் சத்தம் கேட்டது. மெஷினின் முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது. அவள் அழுதுகொண்டே வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த முனையைப் புடிங்ண்ணா," என்றாள்.

பிடித்தேன்.