மலை மேலே கடல் மைல்

வானத்தில் ஓடுவதை விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், கடலில் ஓடுவதை இத்தனை நாட் என்றும் எவனோ பிரித்து வைத்துவிட்டுப் போனான். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான்.

அலகு மாற்றும் கணக்கில் வாத்தியாரிடம் அடி வாங்கிய அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். பதினைந்து வருஷம் சரக்குக் கப்பலில் வழி கணித்தேன். பெற்ற பெண்களே என்னை "மாமா" என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து கரையேறினேன். எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையில் செயற்கைக்கோள்களைப் படம் பிடிக்கும் நிலையத்தில் கணக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ். அதுவரை மனைவியும் இரண்டு பெண்களும் கீழே போளூரில், நான் மலையில்.

முதல் நாள் பரீட்சை

பிரிவுத் தலைவர் பத்மாவதி மேடத்துக்குக் கப்பல்காரன் மேல் நம்பிக்கை இல்லை. "ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் போகுது. உங்க கணக்குல எவ்வளவு?" என்றார். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் 1,944 நாட். அந்த எண்ணை முந்தின நாள் மலை பஸ்ஸில், வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்குவதற்காக உருப்போட்டு வைத்திருந்தேன்.

"பதினைந்தாயிரத்து நூற்றறுபது நாட், மேடம்" என்றேன். மூலையில் மின்சாரக் கணக்கு மெஷினைத் தட்டிக்கொண்டிருந்த ஆலங்காயத்துக் கோபால் அப்போதுதான் விடையைப் பார்த்தார். மெஷினை முந்திவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபால் அசரவில்லை.

"நூத்தி அறுபத்தி மூணுன்னுது மேடம் மெஷினு; இவரு மூணு நாட்ட கடல்லயே வுட்டுட்டு வந்துட்டாரு."

புளி மூட்டைக்காரர்

ஒரு சந்தை நாளில் நிலையத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மலை விவசாயி புளி மூட்டையோடு உட்கார்ந்தார். "இன்னா வேலங்க உங்களுக்கு?" என்று கேட்டார். கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். போளூரிலிருந்து பஸ் மேலே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, எங்கள் செயற்கைக்கோளுக்கு அதே தூரம் ஐந்தாறு விநாடி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் வாயைப் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன். மூட்டையை முழங்காலால் அணைத்துக்கொண்டார். பிறகு என் குடும்பம் எங்கே என்று விசாரித்தார். போளூரில் என்றேன்.

"அது அஞ்சு நொடியில வர்றது இருக்கட்டும்ங்க, நீங்க வூட்டுக்குப் போயி எத்தினி நாளாச்சி?"

இரண்டு கோடு

கேமரா கோளின் வேகத்துக்கே திரும்பினால் படத்தில் கோள் புள்ளியாக விழும், நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஐந்தாவது மாதத்தில் ஒரு தந்தி வந்தது: அடுத்து வரும் கோள் பூமியைச் சுற்ற 90 நிமிஷம். எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பூமியின் சுற்றளவு 21,600 கடல் மைல். ஒரு பாகைக்கு அறுபது. அப்படியானால் நிமிஷத்துக்கு 240 கடல் மைல், அதாவது 14,400 நாட். 1,944ஆல் வகுத்து 7.4 கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். மெஷினில் சரிபார்க்கலாமா என்று கேட்ட கோபாலை முறைத்தேன்.

படத்தில் நட்சத்திரமும் கோடு, கோளும் கோடு. கப்பல் தண்ணீர் மேல் போகிறது. இது அதற்கு நூற்றைம்பது கடல் மைல் உயரத்தில் போகிறது. மேலே வட்டம் பெரிது, வேகமும் அதிகம். அந்த உயரத்தைக் கூட்ட மறந்தது நிலத்தில் பிழைத்த எவனும் செய்யாத தப்பு. இன்னொரு படம் இப்படிக் கெட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மேடம் சொல்லிவிட்டார். கூனிக் குறுகி நின்ற எனக்குக் கோபால்தான் டீ வாங்கி வந்தார்.

"விடுங்கண்ணா, உங்க கப்பல் இன்னும் தண்ணிய வுட்டு எழும்பல, அவ்ளோதான்."

கரண்ட் போன சாயங்காலம்

ஆறாவது மாதக் கடைசி வாரம். மழை விட்டு வானம் வெளுத்த சாயங்காலம் தந்தி வந்தது: 96 நிமிஷம், உயரம் 574 கிலோமீட்டர். அரை மணியில் கோள் தலைக்கு மேல் வரும். கரண்ட் இல்லை. கேமராவுக்கு பேட்டரி உண்டு, கோபாலின் மெஷினுக்கு இல்லை. மேடம் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தேன்.

நிமிஷத்துக்கு 225 கடல் மைல். 13,500 நாட். இங்கே நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தேன். உயரம் 310 கடல் மைல். பூமியின் ஆரத்தில் அது பதினொன்றில் ஒரு பங்கு, அதனால் வேகத்திலும் பதினொன்றில் ஒரு பங்கு கூட்டு. 14,700 சொச்சம் நாட். வகுத்தால் 7.57. எழுதினேன், மறுபடி முதலிலிருந்து போட்டேன், அதே விடை. கேமரா திரும்பியது. நானும் கோபாலும் இருட்டறை வாசலிலேயே நின்றோம். மேடம் ஈரப் படத்தோடு வெளியே வந்து அரிக்கேன் விளக்கடியில் பிடித்தார்: நட்சத்திரங்கள் எல்லாம் கோடு, நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரே ஒரு புள்ளி. என் பெண்கள் பிறந்தபோது நான் கடலில் இருந்தேன். ஒரு பிறப்பை, அது புள்ளியின் பிறப்பே ஆனாலும், நேரில் பார்த்த பெருமை எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. மேடம் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நாளைக்குக் கீழ போங்க, பெட்டி எடுத்துட்டுப் போக வேண்டாம், வீட்டுல இருக்கறவங்கள கூட்டிட்டு வாங்க."

ஆக, கப்பலில் பன்னிரண்டு நாட் வேகத்தில் குடும்பத்தை விட்டு விலகிப் போனவன் திரும்ப வந்து சேர்வதற்கு, அன்பர்களே, பதினாலாயிரத்து எழுநூறு நாட் தேவைப்பட்டது.