பதினோரு கிலோவும் நாத்தனாரும்

வியட்நாமில் வெள்ளம், தாய்லாந்தில் வயிற்றுப்போக்கு, மலேசியாவில் நட்டநடு ரோட்டில் நின்றுபோன பஸ் என்று எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். எழுபத்தெட்டு நாள் தனியாளாகக் கடலோரமாகவே இறங்கி வந்தவள், கடைசி ஊரான சிங்கப்பூரில் வசமாக மாட்டிக்கொண்டேன். அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மலிவு விடுதியில் தங்கியிருந்தேன். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு என்னுடையது. காலை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் என் நாத்தனார் நிற்கிறார். கணவரின் அக்கா. முப்பது வருடமாகச் சிராங்கூனில் குடியிருப்பவர். ஒரு வார்டையே அதட்டி வைத்திருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். நான் தங்கியிருக்கும் இடத்தை என் கணவர்தான் போட்டுக்கொடுத்திருக்கிறார்.

"நான் ஒருத்தி இருக்கிற ஊர்ல டார்மிட்டரியில வந்து படுத்திருக்கியே, கேக்கிறவங்க என்ன பேசுவாங்க? பைய குடு. டாக்சி நிக்குது."

சொல்லும்போதே கை நீண்டுவிட்டது. நம் ஆட்களின் கை அப்படி. வாய் 'வாங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் கை பையைப் பிடுங்கிவிடும். நான் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

விஷயம் இதுதான். மின்வாரிய வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறேன் என்றபோது கணவர் சிரித்தார். "உன் பையத் தூக்கவே ஒரு ஆள் வேணும். யாரும் தூக்காம நீ திரும்பி வந்துட்டா நான் தோத்தேன்னு ஒத்துக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்து மூன்று வயது வரை என் பையை நான் தூக்கியதே இல்லை. அப்பா தூக்கினார், அண்ணன் தூக்கினான், பிறகு இவர், அப்புறம் மகன். எல்லாம் பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பை யார் கையில் இருந்ததோ அவர் பின்னால்தான் நான் போனேன். எந்த ரயில் நிலையத்திலும், எந்தப் பக்கம் போகலாம் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டேன்: பதினோரு கிலோவையும் நான்தான் தூக்குவேன், வேறு கை படக் கூடாது. மறுநாள் மாலை திருச்சிக்கு விமானம். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள் நடை, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கிழக்குக் கோடியிலிருந்து மரீனா அணைக்கட்டு வரை.

"இன்னிக்கு நடந்து முடிச்சிட்டு நேரா உங்க வீட்டுக்கே வந்துடறேன் அண்ணி."

"வெயில்ல சுருண்டு விழுவ லா." முப்பது வருடத்தில் சிங்கப்பூர்க்காரர்களின் அந்த 'லா' அண்ணி பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. "சரி, நடந்து தொலை. பைய மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். வெறுங்கையா நடந்தா மட்டும் அது நடை இல்லையா?"

நியாயமான பேச்சு, அதுதான் ஆபத்து. திருடன் பிடுங்கினால் ஊரைக் கூட்டலாம். அண்ணி அன்பாகப் பிடுங்கினால் என்ன செய்வது? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

பஸ் பிடித்துப் பூங்காவின் கிழக்குக் கோடியில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். இடது பக்கம் கடல், அதில் வரிசையாக நங்கூரம் போட்ட கப்பல்கள். தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பத்து மணிக்குள் முதுகு நனைந்து, இடது தோள்பட்டை மரத்துவிட்டது. பதினோரு மணிக்கு மழை கொட்டித் தீர்த்தது. ஒதுங்க இடம் தேடி ஓடுவதற்குள் பை நனைந்து கனத்தது. நொண்டிக்கொண்டு கடற்கரை உணவங்காடிக்கு வந்து சேர்ந்தால், ஒரு மேசையில் அண்ணி. எதிரே இரண்டு தட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, இரண்டு டீ.

"வழியில இதைத் தாண்டித்தானே போகணும். உக்காரு, சாப்பிடு" என்றார். கோபம் போயிருந்தது. பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பெஞ்சில் பை இல்லை. டாக்சி நிற்கும் பக்கமாக, என் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அண்ணி தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு நாளும் போச்சே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணி! கீழ வைங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாத்தனாரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அண்ணி திடுக்கிட்டுப் பையை இறக்கி வைத்தார்.

"கோவப்படாதடி. நனைஞ்சுபோய் நொண்டிக்கிட்டு வந்தியா, பார்க்கவே பாவமா இருந்துச்சு."

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம்பி என்னிடம் கட்டிய பந்தயத்தைச் சொன்னேன், அப்பா, அண்ணன், ரயில் நிலையம் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கே திரும்பிப் போனேன். இருந்த இடத்தில் வைத்தேன். மறுபடி தோளில் மாட்டி, அண்ணி கொண்டு போன தூரத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டே முதலிலிருந்து நடந்தேன். இருபத்திரண்டு அடி. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இருபத்திரண்டு அடியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "லூசாடி நீ" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "சரி. நான் முன்னாடி போய் அணைக்கட்டுல நிக்கிறேன். நீ வந்து சேரு."

மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அணைக்கட்டின் மேல் புல்தரையில் சனங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நகரத்தின் கட்டடங்கள். எழுபத்தெட்டு நாள் கடற்கரை முடிந்துவிட்டது, நான் முடித்துவிட்டேன். வெட்கமே இல்லாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு "ஹே!" என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அண்ணி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பழக்கதோஷத்தில் கை பையை நோக்கி நீண்டது. பாதியில் நிறுத்தி, தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். போனை எடுத்துத் தன் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, குரல் செய்தி போட்டார்:

"டேய், முடிச்சிட்டா. பைய அவதான் தூக்கினா. நடுவுல நான் இருபத்திரண்டு அடி தூக்கினேன், அதையும் திரும்பப் போய் நடந்துட்டா. நீ தோத்துட்ட. மரியாதையா ஒத்துக்க."

டாக்சி வந்தது. டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்துவிட்டு, என் தோளிலிருந்த பையை வாங்கக் கை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"நோ, அங்கிள், டோன்ட் டச் லா. அது அவ பை."