சூடு படாத இடம்

ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கைபட்டவை. சொந்த வீட்டு அடுக்களைக் குழாய் மட்டும் இன்றுவரை சொட்டிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் வீட்டில் வேறெப்படி இருக்கும்!

"வெளியாள் மாதிரி போன் போட்டாத்தான் வருவீங்களா?" என்று மனைவி கேலி செய்வாள். அதற்குமேல் சண்டைக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. கோழிகளோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருக்கும்.

ஒன்பது வருஷமாகக் கொல்லைக் கூண்டில் ஒரே வம்சத்தை வளர்த்தாள். சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளைப் புள்ளி, பாசிப்பச்சை முட்டை. அடைவைப்பதற்கென்றே அவற்றை இணையச் சந்தையில் விற்றாள். அங்கே சட்டதிட்டத்துக்குக் குறைவில்லை. இட்ட ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும், கழுவக் கூடாது, தேதியைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். படித்தாலே எரிச்சல் வரும் பட்டியல். அவளோ அதில் ஒரு எழுத்தை மீற மாட்டாள். மயிரிழை விரிசலுக்காக ஒரு ஆர்டரையே ரத்து செய்தவள். பிளம்பர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்.

கூண்டிலிருந்த ஒரே சேவல் செத்த பத்தாம் நாள் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. சேவல் போன பிறகும் இரண்டு வாரம்வரை முட்டையில் உயிர் பிடிக்கும். அப்புறம் அது வெறும் முட்டை. அதுவரை இட்டவை விற்றாகிவிட்டன; வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் கோழிகளை வேறு இனச் சேவலோடு கலக்கிறவர்கள். வம்சம் கலப்பில்லாமல் தொடர மிச்சமிருந்தது அடுத்த நாலு நாள் முட்டைகள்தான். வீட்டில் அடைக்கோழி எதுவும் இல்லாததால், வெளியூர் பஸ் டிரைவர் ஒருவருக்கு அந்தச் சந்தை வழியாகவே அவற்றைத் தருவதாகப் பேச்சு. குஞ்சு பொரித்தால் ஒரு சேவல்குஞ்சை அவர் திருப்பித் தர வேண்டும்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னாள்: "என்னங்க, தினமும் முட்டைய எடுத்து தேதி போடுங்க. கூர்முனை கீழ இருக்கணும். சூடு படாத எடமா பாத்து வைங்க."

மனிதர் ஆஸ்பத்திரிக்கும் கூண்டுக்குமாக அல்லாடினார். ஒரு முட்டையைத் தவறவிடவில்லை. மொத்தம் பன்னிரண்டு.

நாலாம் நாள் அவள் கேட்டாள். "முட்டை?"

"பத்திரமா இருக்கு. துளி சூடு படல."

"கூர்முனை?"

"கீழதான். நீ பேசாம படு."

அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மதியம் அவள் போனை எடுத்து உட்கார்ந்தார். முதல் முட்டை இட்டு நாளையோடு ஏழு நாள். அவளுக்கென்று செய்ய இனி இது ஒன்றுதான் இருந்தது. இணையச் சந்தையின் படிவம் ஒவ்வொன்றாகக் கேட்டது. தேதி எழுதப்பட்டதா? ஆம். கழுவப்பட்டதா? இல்லை. அடுத்தது: குளிர்பெட்டியில் வைக்கப்பட்டதா?

எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில் பன்னிரண்டும் வரிசையாக நின்றன, கூர்முனை கீழாக. தொட்டார். ஜில்லென்றிருந்தது. படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கமும் இருந்தது: அந்தக் குளிரில் வைத்த முட்டை குஞ்சு பொரிக்காது.

'இல்லை' என்று அழுத்தியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அது அவள் பெயரில் இருந்த கணக்கு. 'ஆம்' என்று அழுத்தினார்.

"இவற்றை அடைவைக்க விற்க முடியாது. உண்ணும் முட்டைப் பிரிவில் பதிவு செய்யவும்" என்று வந்தது.

டிரைவருக்கு எல்லாவற்றையும் எழுதினார், அவள் போனதையும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அய்யோ அண்ணே, மனசே ஆறல. முட்டைய விடுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து அக்கா பேசினாங்க. 'அவருக்குக் கோழியப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா நான் சொன்னா சொன்னபடி செஞ்சிருப்பாரு, கவலைப்படாதீங்க'ன்னு சொன்னாங்க."

அடக்கத்தின்போது கண் கலங்காத மனிதர், திறந்த ஃபிரிட்ஜின் முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கொல்லையில் கோழிகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன.