கேமராவுக்கு வயர் வரணும்

குளச்சலில் நெட் சென்டர் வைத்திருந்தேன். திருட்டு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதும் கேமரா வேலை செய்யவில்லை. கேமராவை இயக்கும் டிரைவர் நிரல் எழுதத் தெரிந்த நண்பன் கேமரா சிப்பின் விவரம் கேட்டான். கேமரா கம்பெனிக்கு ஆறு முறை கெஞ்சி எழுதினேன். தர மறுத்துவிட்டார்கள்.

செலின் தினமும் கைக்குழந்தைக்குப் பொட்டு வைத்துத் தூக்கி வருவாள். துபாயில் இருந்த கணவன் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

"இன்னைக்காவது படம் வருமா அண்ணா?"

"வயர் வரணும் மக்கா. நாளைக்கு வா."

உண்மையைச் சொன்னால் கேமரா ஓடும் அடுத்த கடைக்குப் போய்விடுவாள் என்று பயம்.

பத்தாம் நாள் அழுதுகொண்டே வந்தாள். "நாளைக்கு அவிய பாலைவன வேலைக்குப் போறாவ. அங்க நெட் கெடையாது."

விவரத்தை மறைத்த கம்பெனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானே அவளை அடுத்த கடைக்குக் கூட்டிப்போனேன். திரையில் கணவன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நல்லா இருப்பிய அண்ணா" என்றாள் செலின்.

அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.