ஈயச் சிப்பாய்

பர்மாச் சண்டைக்குப் போகுமுன் அப்பா எனக்கு ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்கள் வாங்கி அனுப்பினார். கூடப்பிறந்தவர் இல்லாத எனக்கு அவைதான் துணை. பள்ளிக்கூடம் விட்டதும் வரிசையாக நிறுத்திப் பேசுவேன். பதில் வராது, அப்பாவிடமிருந்தும் அப்படித்தான்.

சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்தது. அப்பா வரவில்லை. இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொந்தக்காரர்கள் அப்பாவின் உடலுக்குப் பதிலாகத் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி, வீட்டுக்குத் தெற்கே தோப்பில் தகனத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். புல்லைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. என் அப்பா காக்கிச் சட்டை போட்டவர். ஒரு சிப்பாயை எடுத்துப்போய் அந்தப் புல்லின் நெஞ்சில் வைத்தேன்.

"அது பொம்மையில்லா மக்கா," என்றார் சித்தப்பா.

"இந்தப் புல்லு மட்டும் அப்பாவா?" என்றேன். அவர் அதை எடுக்கவில்லை.

மறுநாள் முறைப்படி எலும்பு பொறுக்கப் போனோம். புல்லில் எலும்பு ஏது? சாம்பலைக் கிளறிய சித்தப்பாவின் கையில் உருகி இறுகிய ஈயக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. அதுவரை அழாத அம்மை அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, பால் தெளித்துக் கலயத்தில் போட்டாள்.

கடலுக்குப் போகும் வழியெல்லாம் கலயத்துக்குள் அது உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.