அழாமல் அனுப்ப வேண்டிய முப்பது பேர்

ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்! முட்டை, ஜவ்வரிசி, தோல் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வெளியே சிரிப்பு, உள்ளே நடுக்கம். புதுச்சத்திரம் பக்கத்துத் தோட்டத்து முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஒரு கொழந்தை அழுதுட்டு ஊட்டுக்குப் போனாலும் அடுத்த நாள் நீங்க வர வேண்டாமுங்க.” ஐந்து வயதுக்காரர்கள் முப்பது பேரை மேய்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கோழிப்பண்ணையில்

சத்தம் கேட்டால் கோழி மிரளும். மிரண்டால் முட்டை குறையும். அன்றைக்கு வந்த முப்பது பேரும் நானும் வாயில் விரல் வைத்தபடி வரிசையாகப் போனோம். நடுவில் ஒருவன் தும்மினான். கொக்கரிப்பு சட்டென்று நின்றது. பத்தாயிரம் கோழியும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி எங்களையே பார்த்தன. தும்மியவன் என் வேட்டியை இழுத்து, காதோடு சொன்னான்: “தாத்தா, காலைல நான் ரெண்டு முட்டை தின்னேன். அவங்ககிட்டச் சொல்லிறாதீங்க.”

மரவள்ளிக் காட்டில்

ஒரு வாண்டு மரவள்ளி இலையைப் பறித்து வாயருகே கொண்டுபோனது. எனக்கு உயிரே போய்விட்டது. “இதைத் தின்ன ஆடு ஒண்ணு, செத்தது தெரியாம ஏழு நாள் நின்னுட்டே இருந்துச்சு சாமி!” என்று அலறினேன். இலை கீழே விழுந்தது.

மதியம் ஜவ்வரிசிப் பாயசம். இதுவும் அதே மரவள்ளிக் கிழங்கிலிருந்துதான் என்று கூட வந்த டீச்சர் சொல்லித் தொலைத்தார். முப்பது உதடுகளும் பிதுங்கின. வேலை போகப் போகிறது என்று பதறி, ஒன்றும் ஆகாது பாருங்கள் என்று மூன்று டம்ளரை மடமடவென்று குடித்தேன். எல்லாரும் மூச்சுவிடாமல் என்னையே பார்த்தார்கள். அப்புறம் அந்த வாண்டு சொன்னது: “டீச்சர், தாத்தா இன்னும் சாகலைங்க. இன்னொரு டம்ளர் குடுத்துப் பாக்கலாங்களா?”

ஆட்டுப் பட்டியில்

பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று ஆடுகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டேன்: செல்லாயி, முத்தாயி, பொன்னி. ஒரு பெண்பிள்ளை பொன்னியைத் தடவிக்கொண்டே கம்பளி வருமா என்று கேட்டாள். “இது மேச்சேரி ஆடு, இதுல கம்பளி வராதுங்க சாமி. தோல்தான். பை, செருப்பு எல்லாம் செய்வாங்க” என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் பொன்னியைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். உதடு துடித்தது. போச்சு, இன்றோடு என் சோறு போச்சு என்று நின்றேன். அவள் மெல்லக் குந்தி, என் தோல் செருப்பைத் தடவிக் கேட்டாள்: “தாத்தா, இவங்க பேரு என்னங்க?”

அன்றைக்கு ஒரு குழந்தையும் அழாததால் என் வேலை தப்பியது என்றாலும், பிள்ளைகளின் வேன் போன பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் தேம்பிக்கொண்டிருந்தானாமே, அதை உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.